பார்ப்பதற்குக் காசு இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். சுகாதாரச் சீர்திருத்தம், சிகிச்சைக்கான நிதி, அதைப் பற்றி மருத்துவர்களின் கருத்துகள். இந்த முப்பது வருடத்தில் இதே மாதிரி நான்கு கூட்டங்களுக்குப் போய்விட்டேன். நான்கிலும் கருத்துச் சொன்னேன், நான்கிலும் எழுதிக்கொண்டார்கள், நான்கிலும் தின்னக் கொடுத்த கறிபாப் பலகாரம் ஆறிப்போயிருந்தது. ஐந்தாவதற்குப் போக எனக்குத் தெம்பில்லை என்று ஹரீஷிடம் சொன்னேன்.

ஹரீஷ் எங்கள் தனியார் மருத்துவர் சங்கத்தின் செயலாளர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். இன்னும் நம்பிக்கையோடு இருக்கிறான், பாவம். மூன்றே மூன்று நிமிடம் பேசினால் போதும், சூலியா தெருப் பக்கம் கிளினிக் நடத்துகிற ஆள் பேசினால்தான் எடுபடும் என்று விடாமல் பிடித்துக்கொண்டான். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் கிளினிக் இருக்கிறது. வாசலில் டாக்டர் சித்தி ஆயிஷா என்று பலகை தொங்கும். பக்கத்தில் நாணயம் மாற்றும் கடை, இரண்டு கடை தள்ளி ஒரு பார்மசி. உள்ளே நானும், மருந்து எடுத்துக் கொடுத்துப் பில் போடும் காமாரியா அக்காவும். இருபத்தாறு வருடமாக இதே இரண்டு பேர்தான். நாங்கள் இருவரும் பேசாமலே சண்டை போட்டுப் பேசாமலே ராசியாகிக்கொள்வோம்.

பில்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. எங்களைப் போன்ற டாக்டர்கள் ஒருவரைப் பார்ப்பதற்குப் பத்து வெள்ளியிலிருந்து முப்பத்தைந்து வெள்ளிவரைதான் வாங்கலாம் என்று சட்டம். அது எழுதப்பட்ட காலத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அந்த முப்பத்தைந்தைக் கேட்டாலும் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். பார்ப்பதற்கு எதற்குக் காசு? கையில் கொண்டுபோகிற மருந்துக்குக் கொடுக்கலாம், அது நியாயம். ஆகவே ஊரில் பாதிக் கிளினிக்குகளில் செய்வதைத்தான் நானும் செய்தேன். பில்லில் 'டாக்டர் பார்க்க' என்ற இடத்தில் ஒரு கோடு. என் படிப்பு, என் நேரம், வாடகை, காமாரியா அக்காவின் சம்பளம் எல்லாவற்றையும் மருந்து விலையில் ஏற்றி, கீழே நாற்பத்தெட்டு வெள்ளி. மொத்தம் ஒன்றுதானே, யாரையும் ஏமாற்றவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதைச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது.

இந்த வருடம் மருந்து விலைகளை நோயாளிகள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. காமாரியா அக்கா ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் ஒட்டி, கவுண்டருக்கு மேலே மாட்டினார். அன்றிலிருந்து உள்ளே வருகிறவர்கள் முதலில் என் கதவைப் பார்ப்பதில்லை, அதைத்தான் பார்க்கிறார்கள். இருமல் மருந்து என்னிடம் பதினெட்டு வெள்ளி, இரண்டு கடை தள்ளி ஏழு வெள்ளி. சிலர் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, "இதோ வந்துர்றேன்" என்று போவார்கள். வரமாட்டார்கள். இருபத்தாறு வருடம் கௌரவமாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரே வாரத்தில் கொள்ளைக்காரியாகிவிட்டேன். எனக்கு அது ரொம்பவே வலித்தது.

அந்தக் கூட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மீரான் அண்ணன் வந்தார். நாகூர் மீரான், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். அறுபத்தொரு வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. இருபத்திரண்டு வருடமாக என்னிடம்தான் பார்க்கிறார். வரும்போதெல்லாம் எனக்கும் காமாரியா அக்காவுக்கும் இரண்டு பொட்டலம் சோறு, அதில் குழம்பு கலந்து கலந்து ஊற்றியிருக்கும். வேண்டாம் என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

அப்போது நான் அறையில் தொலைபேசியில் இருந்தேன். தொழிற்சாலைக்கும் கிளினிக்குக்கும் நடுவில் நின்று எங்கள் பில்லை வெட்டுவதற்கென்றே கம்பெனிகள் உண்டு. அப்படி ஒன்றிலிருந்து பேசிய பெண், பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பையனுக்கு நான் கொடுத்த மருந்தில் பன்னிரண்டு வெள்ளி கழிக்கப்படும் என்றாள். ஏன் கழிக்க வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

இரண்டு நாளாக நெஞ்சு எரிகிறது, கேஸ்ட்ரிக்தான் என்று மீரான் அண்ணன் சொன்னார். உட்காருங்கள், அடுத்தது நீங்கள்தான் என்றார் காமாரியா அக்கா. அவர் உட்காரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலில் விரலை வைத்துத் தேடினார்.

"எப்பவும் குடுக்குற கேஸ்ட்ரிக் மாத்திரை இதானே கா?"

"இதான். ஆனா டாக்டர் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க."

"வேணாம் கா. டாக்டரு பிஸியா இருக்காங்க. நான் அங்கயே வாங்கிக்கிறேன்லா."

வாசலில் நின்று என் அறைப் பக்கம் திரும்பினார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கையை லேசாக உயர்த்தினார். நான் தலையை ஆட்டினேன். அவர் போய்விட்டார்.

அறுபத்தொரு வயது, சர்க்கரை, இரண்டு நாளாக நெஞ்செரிச்சல். மூன்றாம் வருட மாணவனுக்குக் கூடத் தெரியும் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று. எனக்கும் தெரிந்தது, அந்த நிமிடமே தெரிந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டு ஒரு ஈசிஜி எடுத்திருக்கலாம். கூப்பிடவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம், பத்திருபது வெள்ளிக்காக நீங்களுமா அண்ணே என்று மனசு கசந்துபோனது. போகட்டும் என்று விட்டேன். அப்புறம் இன்னும் பத்து நிமிடம் அந்தப் பன்னிரண்டு வெள்ளிக்காக வாதாடினேன். அதிலும் ஜெயிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில், கரண்டியும் கையுமாக அவர் கீழே விழுந்தார். அவர் மனைவி ரொஸ்னாதான் அரசு மருத்துவமனையிலிருந்து எனக்குப் போன் செய்தார். ஹார்ட் அட்டாக் என்கிறார்கள் டாக்டர், செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த மாத்திரையைத்தான் முழுங்கிக்கொண்டிருந்தார் என்று அழுதார். அழாதீர்கள், நல்ல கையில்தான் இருக்கிறார் என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் கிளினிக்கைத் திறந்து பத்தொன்பது பேரைப் பார்த்தேன். மருத்துவமனைக்குப் போக நேரமில்லை என்று காமாரியா அக்காவிடம் சொன்னேன். நேரம் இருந்தது, முகம்தான் இல்லை. அங்கே இதயப் பிரிவில் வேலை செய்யும் அதிரா ஒரு காலத்தில் என் கிளினிக்கில் மாற்று டாக்டராக இருந்தவள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அடைப்பைத் திறந்துவிட்டோம், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இதயத் தசையில் மூன்றில் ஒரு பங்கு அசையவில்லை என்றாள். செவ்வாய்க்கிழமையே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, அவளே நிறுத்திக்கொண்டாள்.

கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள், மேடையில் அரசு அதிகாரிகள். குளிரூட்டி அதிகம். கருத்துகள் ஒவ்வொன்றாக மேடைக்கு வந்தன. ஹரீஷ், எல்லாருடைய சம்பளத்திலிருந்தும் கொஞ்சம் பிடித்து ஒரு நிதி சேர்க்க வேண்டும், அதிலிருந்து எங்களுக்கு நியாயமான கட்டணம் வர வேண்டும் என்றான். தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அறுவை நிபுணர், காரில் வந்து இறங்குகிறவனும் அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்துவிட்டுப் போவது என்ன நியாயம் என்று கேட்டார். அதிரா இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தாள். சம்பளமே இல்லாதவனிடம் எதிலிருந்து பிடிப்பீர்கள், வரிப் பணத்தில் இன்னும் தாருங்கள், நர்சுகள் தாருங்கள், அப்புறம் நிதியைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாரும் சொன்னது சரி. அதுதான் ஆளைக் களைக்க வைக்கிறது. ஒருவராவது முட்டாள்தனமாகப் பேசினால் கோபப்பட்டாவது விழித்திருக்கலாம்.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த தாளை நான் படிக்கவில்லை. விலைப் பட்டியலை மாட்டச் சொன்னீர்கள், நோயாளியை விலை விசாரிக்கிறவனாக ஆக்கிவிட்டீர்கள் என்று ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வருடம் என்னிடம் வந்த ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, பத்திருபது வெள்ளியை மிச்சம் பிடிக்கத் தெருவில் இறங்கிப் போனார், அந்தச் சில்லறைக்கு விலையாகத் தன் இதயத்தைக் கொடுத்துவிட்டு இப்போது படுத்திருக்கிறார் என்றேன். பெயர் சொல்லவில்லை. மண்டபம் கை தட்டியது. மேடையில் இருந்தவர்கள் குனிந்து எழுதினார்கள். ஹரீஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு, சங்கம் அரசுக்குக் கொடுக்கப்போகும் மனுவின் முதல் பக்கத்திலேயே இதைப் போடுகிறேன் அக்கா என்றான். முப்பது வருடத்தில் முதல் தடவையாக என் பேச்சு எடுபட்டது.

அந்தக் கைதட்டல் கொடுத்த தைரியத்தில்தான் நேராக மருத்துவமனைக்குப் போனேன். நண்பகல் பார்வையாளர் நேரம். மீரான் அண்ணன் தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் ரொஸ்னா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார், நான் தோளைப் பிடித்துத் தடுத்தேன். கடையை யார் பார்க்கிறார்கள், இங்கே சாப்பாடு எப்படி என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். உப்பே போடுவதில்லை என்று அவர் நொந்துகொண்டார்.

அப்புறம் நான் கேட்டுவிட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

"அன்னிக்கு ஏன் அண்ணே உள்ள வராமப் போனீங்க?"

அவர் ரொஸ்னாவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கூச்சப்படுகிறார் என்று தெரிந்தது.

"கடை கொஞ்சம் மந்தம் டாக்டர். மருந்தை அங்க வாங்கலாம்னு நெனச்சேன், பொய் சொல்லல. ஆனா நீங்க பாக்குறதுக்குக் காசு வாங்குறது இல்ல. இத்தன வருஷமா பில்லுல பாக்குறேன், கோடுதான் போட்டிருக்கும். மருந்துலதான் ஒங்களுக்கு ஏதோ கொஞ்சம் நிக்கிது. மருந்த அங்க வாங்கிட்டு, ஒங்ககிட்ட சும்மா பாத்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்? நம்ம கடைக்கும் வருவாங்க, சுடுதண்ணி மட்டும் குடிச்சிட்டு ஃபேனுக்குக் கீழ ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போவாங்க. அந்த மாதிரி ஆளா நான்? வெக்கமா இருந்துச்சு."

பார்மசியில் இருந்த பெண் டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டாளாம். டாக்டர் கிளினிக்கிலிருந்துதான் வருகிறேன் என்று இவர் சொன்னாராம். அதுவும் பொய்யில்லையே என்று சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. ரொஸ்னா முதுகைத் தடவிவிட்டார்.

அந்த மனிதர் என் மரியாதையைக் காப்பாற்றப் போய்த் தன் இதயத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொலைத்திருக்கிறார். நான் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருநூறு பேர் நடுவில் நின்று அவரைச் சில்லறை எண்ணுகிறவர் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அவமானம் என்றால் இதுதான். மன்னித்துவிடுங்கள் அண்ணே என்று சொன்னேன். எதற்கு டாக்டர் என்று அவர் கேட்டார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வார்டுக்கு வெளியே நடைக்கு வந்தேன்.

அங்கே நின்றுகொண்டே ஹரீஷைக் கூப்பிட்டேன். நான் சொன்னது தப்பு, அதை அப்படியே போடாதே என்று சொல்லி நடந்ததைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அக்கா, எப்படிப் பாத்தாலும் நம்ம பாயிண்ட் ஒண்ணுதான்லா. ஃபீஸ் பத்தல. அதான் பிரச்சின."

"ஒண்ணு இல்ல ஹரீஷ். அவர் காசு பாத்துப் போகல. பாக்குறதுக்குக் காசு இல்லன்னு நான் எழுதி வச்சேன். அத நம்பிப் போனாரு. நீ கூட ஒன் பில்லுல அப்படித்தான் எழுதுற."

இதையெல்லாம் மனுவில் போட்டால் நம்மையே திருப்பிக் கேட்பார்கள், இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார்கள் என்றான். கேட்கட்டும் என்றேன். பெருமூச்சு விட்டு, எழுத்தில் அனுப்புங்கள், கமிட்டியில் வைக்கிறேன் என்றான். காலையில் படிக்காமல் விட்ட தாளின் பின்பக்கத்தில் அங்கேயே உட்கார்ந்து ஏழு வரி எழுதினேன், படமெடுத்து அனுப்பினேன். மனுவில் அது வந்ததா என்று இன்றுவரை தெரியாது. கமிட்டி பரிசீலிப்பதாகச் சொல்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை காமாரியா அக்காவைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து டாக்டர் பார்க்க முப்பத்தைந்து வெள்ளி, மருந்துகள் எல்லாம் பார்மசி விலையை ஒட்டி என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மொத்தம் கிட்டத்தட்ட அதேதான் அக்கா என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு சரிதான் டாக்டர், யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். பட்டியலைக் கழற்றி, புதிதாகத் தட்டச்சு செய்து, இந்தத் தடவை 'டாக்டர் பார்க்க' என்பதை முதல் வரியில் போட்டு மாட்டினார்.

அவர் பயந்தது நடந்தது. முதல் வாரமே நான்கு குடும்பங்கள் வேறு கிளினிக் பார்த்துக்கொண்டன. ஒரு அம்மா பில்லைப் பார்த்துவிட்டு, பாக்குறதுக்கு முப்பத்தஞ்சா, தொட்டுக்கூடப் பாக்கலையே என்றார். உண்மைதான், அன்று நான் தொடவில்லை. அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்கிறேன். நடுவில் நிற்கும் அந்தக் கம்பெனி, எங்கள் திட்டத்தில் இவ்வளவு கட்டணத்துக்கு இடமில்லை என்று கடிதம் அனுப்பியது. வருடக் கடைசிவரை தாக்குப்பிடிப்போமா என்று நானும் காமாரியா அக்காவும் பேசிக்கொள்வதில்லை. ஆறாவது கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் போவேனா என்றும் தெரியாது.

ஐந்து வாரம் கழித்து மீரான் அண்ணன் வந்தார். கூட ரொஸ்னா. நாணயம் மாற்றும் கடை வாசலில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கையில் சோற்றுப் பொட்டலம் இல்லை, மருத்துவமனையில் கொடுத்த மருந்துப் பைதான் இருந்தது. கவுண்டரில் நின்று, எனக்கு மருந்து ஒன்றும் வேண்டியதில்லை, எல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டார்கள், டாக்டரைப் பார்க்கலாமா என்று காமாரியா அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் எழுந்துபோய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

அரை மணி நேரம் பார்த்தேன். கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தேன், நுரையீரலைக் கேட்டேன், ஒவ்வொரு மாத்திரையாக எடுத்து எது எதற்கென்று ரொஸ்னாவுக்குச் சொன்னேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கரண்டி பிடித்தால் கை நடுங்குகிறது என்றார். அது இனிமேல் முழுசாகச் சரியாகாது என்பதையும் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் கையை உயர்த்தியபோது நான் கூப்பிட்டிருக்க வேண்டும், கோபத்தில் கூப்பிடவில்லை என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விடுங்க டாக்டர் என்றார்.

வெளியே காமாரியா அக்கா பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இவரிடமுமா என்று அந்தப் பார்வை கேட்டது. எழுதுங்கள் என்று தலையசைத்தேன். டாக்டர் பார்க்க, முப்பத்தைந்து வெள்ளி. மருந்து என்ற இடத்தில் ஒரு கோடு.

மீரான் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பில்லை இரண்டு தடவை படித்தார். சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து, நோட்டுகளை நீவிவிட்டுக் கொடுத்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது ரொஸ்னாவிடம் சொன்னது என் அறைவரை கேட்டது.

"நல்லதாப் போச்சு. இனிமே மருந்து வாங்காமயும் வரலாம்."